வாகனக் கேள்வி பதில்: பெற்றோல் மானியும் லீற்றர்க் கணக்கும்

இம்முறை வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை ஒரே விடயத்தையே கேட்டிருந்தன. ஆகையால் ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, காரின் எரிபொருட் சிக்கனத்தைக் கணிப்பது எப்படி, பெற்றோல் மானியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவை பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி: ஐயா, சுசுக்கி வகன் ஆர் ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கி ஓராண்டாகிறது. லீற்றருக்கு 33 கிலோமீற்றர் ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எனக்கு 18 கூடக் கிடைப்பதாகத் தெரியவில்லை. தாங்கியை நிரப்பினால் மானி பாதிக்கு இறங்கும்வரை 250 கிலோமீற்றர் ஓடுகிறது. மீதிப் பாதியோ 150 கிலோமீற்றரிலேயே முடிந்து விளக்கு எரிகிறது. கார் பழுதா, மானி பழுதா, அல்லது நான் ஏமாற்றப்பட்டேனா? (வாசகர், கொக்குவில்)

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் காரும் பழுதென்று சொல்வதற்கில்லை, மானியும் பழுதென்று சொல்வதற்கில்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட எண்ணிலேதான் கோளாறு இருக்கிறது.

லீற்றருக்கு 33.4 கிலோமீற்றர் என்பது ஜப்பானில் ‘ஜே.சி.08’ என்ற சோதனை முறையில் அந்தக் காருக்குக் கிடைத்த பெறுமானம். அந்தச் சோதனையில் கார் வீதியில் ஓடுவதில்லை. உருளைகளின் மேல் நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ 8 கிலோமீற்றருக்குச் சமமான ஓட்டத்தை இருபது நிமிடங்களில் முடிக்கிறது. சராசரி வேகம் மணிக்கு 24.4 கிலோமீற்றர், உச்ச வேகம் 81.6. குளிரூட்டி இயக்கப்படுவதில்லை. காற்றும் வெயிலும் குழியும் மாடும் குறுக்கே வருவதில்லை. ஒரே நிலைமையில் ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிடுவதற்கு அந்த எண் உதவும். காங்கேசன்துறை வீதியில் அதே எண் கிடைக்கும் என்று அதைத் தயாரித்தவர்கள் எவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நடைமுறைக்குச் சற்று நெருக்கமான ‘டபிள்யூ.எல்.ரி.சி.’ என்ற முறைக்கு ஜப்பானே 2018 இலிருந்து மாறத் தொடங்கிவிட்டது. இருந்தும், பழைய எண்ணை விளம்பரத்திற் போட்டு, அதை நம்பிக் கடன்பட்டுக் கார் வாங்குபவர்களிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் விற்பது இன்றும் தொடர்வது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

இனி நமது ஓட்டத்தைப் பாருங்கள். வெயிலில் நின்ற காரிற் கதவைத் திறந்து ஏறியவுடன் குளிரூட்டியை உச்சத்தில் வைக்கிறோம். எஞ்சின் சூடேறி முழுத் திறனுடன் எரிக்கத் தொடங்குவதற்குள் கடையோ பாடசாலையோ வந்துவிடுகிறது. நிறுத்தி, மீண்டும் தொடங்குகிறோம். இந்தக் குறுகிய ஓட்டங்கள்தான் பெற்றோலை அதிகமாகக் குடிப்பவை. உங்கள் கார் சிறிய உதவி மோட்டார் மட்டுமே உள்ள ஹைபிரிட் வகையைச் சேர்ந்தது. சந்தியில் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடுவதனாலேயே அதன் சேமிப்பிற் பெரும்பகுதி வருகிறது. குளிரூட்டி கடுமையாக வேலை செய்யும்போதும், பற்றறி வலுவிழந்திருக்கும்போதும் அந்த அணைப்பு அடிக்கடி நடைபெறாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏற்றம் இறக்கம் இல்லாதது நமக்குள்ள ஒரு வசதி. ஆனால் அது மேற்சொன்ன இழப்புகளையெல்லாம் ஈடுசெய்யப் போதுமானதல்ல.

மானியின் இரண்டு பாதிகளும் சமமாக ஓடாதது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தாங்கியின் உள்ளே ஒரு கம்பியின் நுனியில் மிதவை ஒன்று இருக்கிறது. பெற்றோலின் மட்டம் இறங்க மிதவையும் இறங்குகிறது. மானிக்குப் போவது அந்த மிதவையின் உயரமேயன்றி லீற்றர் அல்ல. ஒரு குடத்தில் வயிற்றுப் பகுதியில் நீர் ஒரு விரற்கடை இறங்குவதற்கும் கழுத்துப் பகுதியில் ஒரு விரற்கடை இறங்குவதற்கும் எவ்வளவு வித்தியாசம் உண்டோ, அதே வித்தியாசம் தாங்கியிலும் உண்டு. புகைக்குழாய்க்கும் பின்சில்லுகளின் அச்சுக்கும் இடம் விட்டு, ஆசனத்தின் கீழ் கிடைத்த இடைவெளிக்கு ஏற்ப வார்க்கப்பட்டதே அதன் வடிவம். இதைவிட, தாங்கி நிரம்பியிருக்கையில் மிதவை மேல்முட்டிற் போய் நின்றுவிடும். அதற்கு மேலே குழாய்க் கழுத்துவரை நிற்கும் சில லீற்றர்கள் எரிந்து முடியும்வரை மானி நிறைவிலிருந்து அசைவதேயில்லை. கீழ்முனையிலோ, விளக்கு எரியும்போதும் சில லீற்றர்கள் மிச்சமிருக்கும்படியே அளவு செய்திருப்பார்கள். ஆகவே முதற்பாதி நீள்வதும் இரண்டாம் பாதி குறைவதும் மிகப் பல கார்களின் இயல்பு. ஒவ்வொரு முறையும் அதே விகிதத்தில் நீண்டு குறையுமானால் மானி ஒழுங்காகவே வேலை செய்கிறது.

அப்படியானால் உண்மையான சிக்கனத்தை அறிவது எப்படி? மானியைப் பார்க்கவே வேண்டாம். நிரப்பு நிலையத்தில் நிரம்ப அடியுங்கள். நொசிலின் நுனிக்கு அருகே ஒரு சிறிய துளை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பெற்றோல் உயர்ந்து அந்தத் துளையை மூடியவுடன் உள்ளே காற்று இழுபடுவது தடைப்பட்டு, ‘டக்’ என்று பிடி தானாக விடுபடும். அந்த முதலாவது ‘டக்’ உடன் நிறுத்தச் சொல்லுங்கள். ரூபாவைச் சரிக்கட்டுவதற்காக மேலும் மேலும் அடிக்க விடாதீர்கள். கணக்குக் குழம்புவதோடு, பெற்றோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப் பெட்டிக்குள் பெற்றோல் புகுந்து அதைப் பழுதாக்கவும் கூடும். பின்னர், ஒரு பயணத்தின் தூரத்தை மட்டும் எண்ணும் ‘ட்ரிப்’ மீற்றரைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து வழமைபோல ஓடுங்கள். அடுத்த முறையும் அதே நிலையத்தில், இயலுமானால் அதே பம்பியில், கார் அதே பக்கம் சரிந்து நிற்கும்படி விட்டு, முதலாவது ‘டக்’ வரை அடித்து, பற்றுச்சீட்டிலுள்ள லீற்றரையும் ஓடிய கிலோமீற்றரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். இடையில் ரூபாய்க் கணக்கிற் சிறிது சிறிதாக அடித்தாலும் பாதகமில்லை. இடையில் அடித்த லீற்றர்கள் எல்லாவற்றையும் அடுத்த நிரம்பலின் லீற்றருடன் சேர்த்துக் கூட்டினாற் போதும்.

ஒரே நிரப்பலை வைத்து முடிவு சொல்லாதீர்கள் என்பதை வற்புறுத்திக் கூற விரும்புகிறேன். பம்பி விடுபடும் மட்டம் ஒரு லீற்றர் முன்பின்னாக இருப்பது சாதாரணம். 18 லீற்றர் அடித்த இடத்தில் ஒரு லீற்றர் என்பது ஐந்தரை வீதப் பிழை. 5 லீற்றர் மட்டும் அடித்த இடத்தில் அதே ஒரு லீற்றர் 20 வீதப் பிழையாகிவிடும். உதாரணமாக, முதன்முறை 331 கிலோமீற்றருக்கு 18.4 லீற்றர், அடுத்து 252 கிலோமீற்றருக்கு 16 லீற்றர், அதற்கடுத்து 365 கிலோமீற்றருக்கு 19.2 லீற்றர் என்று எழுதியிருக்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். தனித்தனியே பார்த்தால் 18, 15.8, 19 என்று வரும்; நடுவிலுள்ளதைக் கண்டு பதறி கராச்சுக்கு ஓடுபவர்கள் பலர். கிலோமீற்றர்கள் எல்லாவற்றையும் கூட்டினால் 948, லீற்றர்கள் எல்லாவற்றையும் கூட்டினால் 53.6, ஒன்றை மற்றதாற் பிரித்தால் 17.7. இதுவே நம்பத்தக்க எண். நிரப்பல்கள் கூடக் கூட அதன் நம்பகம் கூடும்.

உங்கள் காரின் தாங்கி 27 லீற்றர் கொள்வது. விளக்கு எரியும்போது 4 லீற்றர் வரை மிச்சம் என்று கொண்டால், 400 கிலோமீற்றருக்கு 23 லீற்றர் எரிந்திருக்கிறது. அதாவது லீற்றருக்கு 17 கிலோமீற்றருக்குச் சற்று மேல். குளிரூட்டியுடன் நகருக்குள் ஓடும் காருக்கு இது வெட்கப்படவேண்டிய எண் அல்ல. கொப்பிக் கணக்கை இரண்டு மூன்று மாதம் வைத்திருந்து, உங்கள் காரின் வழமையான எண் எது என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். பின்னொரு நாள் அந்த எண் பத்து வீதத்துக்கு மேல் இறங்கி, இறங்கியபடியே நின்றாற்றான் தேடிப்பார்க்கவேண்டும். அப்போதும் முதலிற் பார்க்கவேண்டியது ரயரின் காற்றமுக்கம். அடுத்தது, விடாமற் பிடித்துக்கொண்டிருக்கும் பிறேக். சிறிது தூரம் ஓடி நிறுத்தியபின் ஒரு சில்லு மட்டும் மற்றவற்றைவிட வெக்கையடித்தால் அதுவே காரணம். எயார் பில்டரை மாற்றினாற் சிக்கனம் கூடும் என்பது காபரேற்றர் காலத்துக் கதை; இன்றைய கார்களில் அதனால் வலு குறையுமேயன்றி, லீற்றர்க் கணக்கு அதிகம் மாறாது.

கேள்வி: என் காரின் திரையில் சராசரி 21.3 என்று காட்டுகிறது. நிரப்பி நிரப்பிக் கணக்குப் பார்த்தால் 19.6 தான் வருகிறது. கணினி சொல்வதை நம்புவதா, என் கணக்கை நம்புவதா? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: உங்கள் கணக்கை நம்புங்கள். காரின் கணினி பெற்றோலை அளப்பதில்லை. எஞ்சினுக்குள் பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் திறந்திருந்தன என்பதைக் கூட்டி, அந்த நேரத்தில் இவ்வளவு பெற்றோல் போயிருக்கும் என்று ஊகிக்கிறது. இன்ஜெக்டரின் தேய்மானமும் அமுக்கத்தின் சிறு வேறுபாடும் அந்த ஊகத்திற் பிழையாகச் சேரும். உண்மையைவிட ஐந்து முதல் பத்து வீதம் வரை கூட்டிக் காட்டும் திரைகள் பல. உங்களுடையது ஏறத்தாழ ஒன்பது வீதம் கூட்டுகிறது. ஆனாலும் அந்தத் திரைக்கும் பயன் உண்டு. பிழை எப்போதும் ஒரே அளவாக இருப்பதால், ஒரே வீதியில் 60 இலும் 80 இலும் ஓடினால் என்ன வித்தியாசம் என்பதை அது நேர்மையாகவே காட்டிவிடும்.

இன்னொன்றையும் சரிபார்க்கவேண்டும். லீற்றர் சரியாக இருந்தாலும் கிலோமீற்றர் பிழையாக இருந்தாற் கணக்கும் பிழைத்துவிடும். காருக்குரிய 155/65 ஆர்14 ரயருக்குப் பதிலாக 165/65 ஆர்14 போட்டிருந்தால், சில்லு ஒரு சுற்றுக்கு 2.3 வீதம் கூடுதலாக நகரும். மீற்றரோ பழைய அளவிலேயே எண்ணும். அதனால் உங்கள் கார் உண்மையில் ஓடியதைவிடக் குறைவாகக் கணக்கில் வரும். ரயர் தேய்ந்திருந்தால் இதற்கு எதிர்மாறு. இதைச் சோதிப்பதற்கு ஏ9 வீதியைவிட நல்ல இடம் நமக்கில்லை. கண்டியிலிருந்து எண்ணிவரும் கிலோமீற்றர்க் கட்டைகள் ஓரத்தில் நிற்கின்றன. ஆனையிறவுக்கு அப்பால் ஒரு கட்டையில் ட்ரிப் மீற்றரைச் சுழியமாக்கி, 20 கட்டைகள் தாண்டியதும் பக்கத்தில் இருப்பவரை வாசிக்கச் சொல்லுங்கள். 20.4 என்று காட்டினால் உங்கள் மீற்றர் இரண்டு வீதம் கூட்டி எண்ணுகிறது. வேகமானி கூட்டிக் காட்டுவதைக் கண்டு தூரமானியும் அவ்வளவு கூட்டும் என்று கொள்ளாதீர்கள். வேகமானி உண்மை வேகத்துக்குக் குறைவாக ஒருபோதும் காட்டக்கூடாது என்பது சர்வதேச விதி. அதனால் அதை வேண்டுமென்றே சற்றுக் கூட்டி வைக்கிறார்கள். தூரமானிக்கு அந்தத் தேவை இல்லை.

நிரப்பு நிலையத்தின் பம்பியில் ஐயம் இருந்தால், அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வேறு நிலையங்களில் மாறி மாறிச் சில நிரப்பல்கள் எடுத்துப் பார்த்தால் ஐயம் தானாகத் தெளிந்துவிடும்.

கேள்வி: பெற்றோல் முள் சில நாட்களில் பாதியில் நிற்கிறது, திடீரென்று ‘ஈ’ எழுத்துக்கு விழுகிறது, குழியில் விழுந்து எழும்பினால் மீண்டும் மேலே வருகிறது. பெற்றோல் பம்பி முழுவதையும் மாற்றவேண்டும் என்று கராச்சிற் சொல்கிறார்கள். (வாசகர், நெல்லியடி)

பதில்: மாற்றுவதற்கு முன் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ஜப்பானியக் கார்களிற் பின்னாசனத்தின் இருக்கையைத் தூக்கினால் ஒரு வட்டமான தகட்டு மூடி தெரியும். அதன் கீழே பம்பியும் மிதவையும் ஒன்றாகப் பொருத்தப்பட்டிருக்கும். மிதவைக் கம்பியின் அடியில், நகத்தளவு அகலமான ஒரு சிறு தகட்டின்மேல் கறுப்புக் கோடுகள் வளைவாக ஓடும். கம்பி அசைய, மெல்லிய இரண்டு உலோக விரல்கள் அந்தக் கோடுகளின்மேல் வழுக்கிச் செல்லும். விரல்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்தடை மாறுகிறது. அந்த மின்தடையே முள்ளை நகர்த்துகிறது. மிதவை அதிகமாக நிற்கும் மட்டத்திற் கோடு தேய்ந்துவிடும், அல்லது பெற்றோலிலுள்ள கந்தகத்தால் விரல்களிற் கருமை படியும். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் தொடர்பு அறுந்து முள் விழும். குலுக்கலிற் தொடர்பு கிடைத்தால் எழும்பும். நீங்கள் எழுதியிருப்பது அச்சொட்டாக இந்த நோய்.

தாங்கியைத் தொடுவதற்கு முன்பு வயரையும் பார்க்கவேண்டும். மிதவையின் ஏர்த் வயர் துருப்பிடித்திருந்தாலும் இதே குணம் காட்டும். உப்புக் காற்று வீசும் வடமராட்சியில் அது அரிதல்ல. மிதவைப் பகுதியின் மின்தடையை மின் மீற்றரால் அளந்தபடி, கம்பியை மெதுவாக மேலிருந்து கீழாக அசைத்துப் பார்த்தால், எண் சீராக ஏறி இறங்குகிறதா, நடுவிற் பாய்கிறதா என்பது உடனே தெரியும். பாய்ந்தால் மிதவைப் பகுதியை மட்டும் மாற்றலாம். தனியாகக் கிடைக்காத சில மாதிரிகளுக்குத்தான் முழுவதையும் மாற்ற நேரும். திறந்த தாங்கியின் பக்கத்தில் வேலை செய்பவர் பற்றறியின் வயரைக் கழற்றிவைப்பதையும், அருகில் ஒரு பொறிகூட எழாதபடி பார்த்துக்கொள்வதையும் தயவுசெய்து உறுதிப்படுத்துங்கள். வீட்டு முற்றத்தில் நீங்களாகச் செய்யவேண்டிய வேலை அல்ல இது.

கேள்வி: அப்பாவின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் இன்னும் ஓடுகிறது. பெற்றோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே நேரத்தில் உயர்ந்து நிற்கின்றன. கலனுக்கு 30 மைல் ஓடியது என்று அப்பா சொல்வார். அது இன்றைய கணக்கில் எவ்வளவு? (வாசகர், வட்டுக்கோட்டை)

பதில்: இரண்டு முள்ளும் ஒன்றாக உயர்ந்தால் தாங்கியையோ எஞ்சினையோ தேடவேண்டாம். 1960களின் பல பிரித்தானியக் கார்களில் இந்த இரண்டு மானிகளுக்கும் பொதுவாக, டாஷ்போட்டின் பின்னால், மின்னழுத்தத்தை 10 வோல்ற் அளவிற் கட்டுப்படுத்தும் ஒரு சிறிய பெட்டி உண்டு. அது பழுதானால், அல்லது அதன் உடல் ஏர்த்துடன் தொடாமற் போனால், முழு அழுத்தமும் மானிகளுக்குப் போய் இரண்டும் கூட்டிக் காட்டும். முதலில் அதைக் கழற்றிச் சுரண்டி இறுக்கிப் பாருங்கள்.

கலனுக்கு 30 மைல் என்பது லீற்றருக்கு ஏறத்தாழ 10.6 கிலோமீற்றர். பிரித்தானிய கலன் 4.546 லீற்றர் என்பதால், மைற்கணக்கை 2.825 ஆற் பிரித்தால் நமது கணக்கு வந்துவிடும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது துளி பெற்றோலிற் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய அந்தக் கார்களை இன்னும் பேணி வைத்திருப்பவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அக்காலத்து ஓட்டத்தை இன்றைய பெற்றோற் கணக்குடன் ஒப்பிட வேண்டாம். அது வேறு எரிபொருள், வேறு கணக்கு.

கேள்வி: விளக்கு எரிந்த பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடலாம்? கொழும்புப் பயணத்தில் நம்பலாமா? (வாசகி, மானிப்பாய்)

பதில்: பொதுவாகத் தாங்கியின் பத்து முதல் பதினைந்து வீதம் மிச்சமிருக்கும்போது விளக்கு எரியும், உரிமையாளர் கைந்நூலிற் சரியான அளவு இருக்கும். ஆயினும், விளக்கை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். திரையிற் காட்டும் மீதித் தூரம், அண்மையில் ஓடிய ஓட்டம் அப்படியே தொடரும் என்ற ஊகத்தில் வருவது. சோளகக் காலத்திற் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரி வழியாக மன்னாருக்குப் போகிறீர்களென்றால், காற்று நேரே முகத்தில் அடிக்கும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 70 இல் ஓடும் காருக்கு 30 கிலோமீற்றர் எதிர்க்காற்று, காற்றில்லாத நாளில் 100 இல் ஓடும்போது எதிர்கொள்ளும் தடையையே கொடுக்கும். திரையில் உள்ள எண் கண் முன்னே கரையும். ஏ9 வழியாகப் போவதானால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நிரப்பிக்கொள்ளுங்கள். தாங்கிக்குள் இருக்கும் மின்பம்பியைக் குளிரவைப்பது அதைச் சூழ்ந்திருக்கும் பெற்றோலே என்பதால், அடிக்கடி வற்றவிட்டு ஓடுவது பம்பியின் ஆயுளையும் குறைக்கும். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது ‘கியூ.ஆர்.’ பங்கீட்டு அட்டைக்கு வாரம் 20 லீற்றர் என்றிருந்தபோது நம்மிற் பலருக்கு வற்றவிட்டு ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

கேள்வி: அதிகாலையில் அடித்தால் பெற்றோல் கூட வரும் என்பதும், ஒக்டேன் 95 அடித்தாற் கூட ஓடும் என்பதும் உண்மையா? (வாசகர், சுன்னாகம்)

பதில்: பெற்றோல் ஒரு பாகை வெப்பத்துக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே விரிகிறது. நிலையத்தின் தாங்கி நிலத்துக்கடியில் இருப்பதால் அதன் வெப்பநிலை காலைக்கும் மதியத்துக்குமிடையே அதிகம் மாறுவதில்லை. ஆகவே காலையில் அடிப்பதால் வரும் இலாபம் கணக்கிலெடுக்கத்தக்கதல்ல. 92 இற்கு வடிவமைத்த எஞ்சினில் 95 அடிப்பதால் ஓட்டமும் கூடாது. ஒக்டேன் என்பது எஞ்சினுக்குள் பெற்றோல் நேரத்துக்கு முன்பே வெடிக்காமல் தாங்கும் திறனைக் குறிப்பதேயன்றி, அதிலுள்ள சக்தியின் அளவைக் குறிப்பதல்ல. எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ கைந்நூலிலோ 95 தான் வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தால் மட்டும் 95 அடியுங்கள்.